தலவாக்கலையில் ஒரு நடை

கோட்டை கொத்தளங்களைத் தேடித் தலவாக்கலைக்கு வருவோர் ஏமாறுவர். இங்கே வரலாறு ஹட்டன் வீதியோரம் கிடக்கிறது, நடந்து காண்போம்.

நகரை அடுத்துக் கொத்மலை ஓயாவை மறிக்கும் அணை; 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்குரியது. ஆற்றுநீரிற் பெரும்பகுதி சுரங்கவழி சென்றுவிடுவதால், அப்பாலுள்ள சென்கிளையர் அருவியில் பழைய பெருக்கில்லை.

மேலும் நடந்தால் டெவன் அருவி. அழகைப் பருகியபின், அயலிலுள்ள டெவன் தோட்டத்தையும் நினைவுகொள்ளல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்கள், உழைத்த மண்ணையேனும் இழவோம் என்று நின்ற இடம் அது. 1977 மே 11ஆம் நாள், ஏறத்தாழ 7000 ஏக்கர் தோட்டநிலத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்துத் திரண்டோர்மீது காவற்படையினர் சுட்டனர். சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் அங்கே உயிர்நீத்தார்.