குப்பைமேட்டிலிருந்து வாணலிக்கு

பருத்திக்கொட்டை நமக்குப் புதிதல்ல. ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்போம். மதுரையில் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துப் பருத்திப்பாலாகக் குடிப்போம். இன்று ‘விதை எண்ணெய் எல்லாம் விஷம்’ என்று கிளம்பியிருக்கும் கூச்சலுக்கான வேரைத் தேடினால், அமெரிக்காவில் இதே கொட்டை பட்ட பாட்டில்தான் போய் நிற்போம்.

1793-ல் ஈலை விட்னி, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார். அடிமைகளின் உழைப்பில் தென்மாநிலங்கள் முழுக்கப் பருத்தி பரவியது. ஒரு கிலோ பஞ்சு எடுத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொட்டை மிஞ்சும். விதைக்கும் மாட்டுக்கும் போக மீதி ஆலைக்குப் பின்னால் குவிந்து அழுகி நாறியது, ஆற்றிலும் கொட்டினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு எண்ணெய் ஆலைகள் பெருகின. சோப்புக்குப் போன எண்ணெய் மெல்லச் சாப்பாட்டிலும் நுழைந்தது. நேர்வழியில் அல்ல: பன்றிக்கொழுப்பிலும் ஆலிவ் எண்ணெயிலும் கலப்படமாக.

கொட்டையை நறுக்கினால் வெளிறிய பருப்பில் கரும்புள்ளிகள் தெரியும். அவற்றில் இருப்பது காசிபால். பூச்சியை விரட்டச் செடி தானே சுரக்கும் நஞ்சு. அசைபோடும் மாடு ஓரளவு தாங்கும். பன்றியும் கோழியும் தாங்காது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்தி எண்ணெயில் சமைத்த ஊர்களில் பிள்ளைப்பேறு குறைந்துபோனது. அதற்குக் காரணம் காசிபால் என்று கண்டதும், 1970-களில் அதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகச் சோதித்துப் பார்த்தார்கள். எண்ணெயைக் காரத்தில் கழுவிச் சுத்திகரிக்கும்போதுதான் இந்த நஞ்சு போகிறது. டேவிட் வெஸ்ஸன் என்ற வேதியியலாளர், வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தி வாடையையும் நீக்கினார். ‘செக்கு அமுதம், ரீஃபைண்ட் விஷம்’ என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். நல்லெண்ணெய்க்குச் செக்கு சரி; பருத்திக்கு அது ஆகாது.

வில்லங்கம் பிறகுதான் வந்தது. 1901-ல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், நிக்கலின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயைக் கட்டியாக்கிக் காட்டினார். சின்சினாட்டியில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்துவந்த புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. மின்விளக்கு வந்து மெழுகுவத்தி வியாபாரம் படுத்திருந்த காலம். 1911-ல் பருத்தி எண்ணெயைக் கட்டியாக்கிச் செய்த கிறிஸ்கோ கடைக்கு வந்தது: வெள்ளை வெளேரென்று, மணமே இல்லாமல், வெள்ளைத்தாள் சுற்றிய டப்பாவில். கூடவே இலவசச் சமையல் புத்தகமும். இங்கே 1937-ல் வந்த டால்டாவும் இந்த வம்சம்தான்.

எண்ணெயை அரைகுறையாகக் கட்டியாக்கினால் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. 1950-களிலேயே ஃபிரெட் கும்மெரோ என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எச்சரித்தார், கேட்பாரில்லை. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று 1990-ல் நெதர்லாந்து ஆய்வு உறுதி செய்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடைக்கு வந்ததோ 2015-ல்தான். அதுவும் தொண்ணூற்றெட்டு வயதில் கும்மெரோ வழக்குப் போட்ட பிறகு. இந்தியாவில் 2022 முதல் 2 சதவீதமே உச்சவரம்பு.

இப்போதைய குற்றச்சாட்டு வேறு. விதை எண்ணெயில் மிகுந்திருக்கும் லினோலிக் அமிலம் உடலில் அழற்சியைக் கிளப்புகிறதாம். சிட்னியிலும் மினசோட்டாவிலும் நடந்த பழைய சோதனைகளை மறுபடி அலசியபோது, கொலஸ்ட்ரால் குறைந்தும் உயிர்ச்சேதம் குறையவில்லை என்று தெரிந்தது உண்மை. அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 13 நாடுகளின் 30 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான கட்டுரை, இரத்தத்தில் லினோலிக் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்ததைக் காட்டியது. அழற்சி கூடுகிறது என்பதற்கும் மனிதச் சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குக் குழப்பமில்லை: கட்டியாக்கியவர்கள் செய்த பாவத்தை விதையின் கணக்கில் எழுதுகிறோம்.

அளவு மீறினால் எந்த எண்ணெயும் கொழுப்புதான், ஒரு கிராமுக்கு 9 கலோரி. நிஜமாகப் பயப்பட வேண்டியது திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெய்க்கு. அடுத்த முறை கடையில் பஜ்ஜி வாங்குவதற்கு முன்னால், எண்ணெயின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு வாணலியை ஒருதரம் எட்டிப் பாருங்கள்.