ஐ.ஜி. பதவி பிறந்த கதை

பொம்மிடிக்காரர் ஒருவருக்குப் போலீஸ் மேல் ஒரு குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் தீரவில்லை என்றால் தர்மபுரி எஸ்.பி.யிடம் போவார். அதற்கு மேல் சேலத்தில் டி.ஐ.ஜி., கோவையில் ஐ.ஜி., சென்னையில் டி.ஜி.பி. அதற்கும் மேலே உள்துறைச் செயலர், முதல்வர். தொகுதி எம்.எல்.ஏ. காவல்துறை மானியக் கோரிக்கையின்போது எழுந்து கேட்கலாம். பதில் சொல்பவர் முதல்வர். டி.ஜி.பி. அதிகாரிகள் மாடத்தில் இருப்பார், வாய் திறக்க வேண்டியதில்லை. மக்கள் பிரதிநிதிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "அய்யா, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்" என்று அவரைக் கேட்கும் வழக்கம் நம் சட்டமன்றத்தில் இல்லை.

இத்தனைக்கும் மாகாணப் போலீசுக்கு ஒரு தலைவர் என்ற பதவியே ஒரு நாடாளுமன்றக் கேள்வியால் பிறந்தது.

கதை இந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இங்கே நிலவரி வேலை பார்த்தார். குடியானவனிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அவர் கற்ற பள்ளிக்கூடம் தர்மபுரி வட்டாரம்தான். மன்றோவின் யோசனைப்படி வந்த 1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷன், போலீஸ் வேலையையும் வருவாய்த் துறையிடமே கொடுத்தது. கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ் தலைவர், ஊரில் மணியக்காரரும் தலையாரியும். வரி கேட்கிறவனும் பிடித்து அடைக்கிறவனும் ஒரே ஆள். செலவு மிச்சம்தான். ஆனால் கிஸ்தி கட்டாதவன் முதுகில் என்ன விழும் என்பதை யோசிக்க மன்றோவின் மூளை தேவையில்லை.

விழுந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, தலையைக் குனியவைத்துக் கால் விரலோடு சேர்த்துக் கட்டுவது, வெயிலில் நிறுத்துவது, குனிந்த முதுகில் கல் ஏற்றுவது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, கோட்டைக்கு மட்டும் தெரியாது.

தெரியவைத்தவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. 'கிரசென்ட்' பத்திரிகை நடத்தியவர், 1852இல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கியவர். சங்கத்தின் மனுக்கள் லண்டன் போயின. 1853இல் டான்பி செய்மர் என்ற எம்.பி. சென்னைக்கு வந்தபோது செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். மறு ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றி காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தபோது, வரி வாங்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்று செய்மர் எழுந்து சொன்னார். நம்பாதவர்கள் இருந்தார்கள். ஆனால் சபையில் எழுந்த கேள்வியை அப்படியே விட முடியவில்லை. சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு விசாரணைக் குழு அமைத்தது.

குழுவுக்கு நேரிலும் கடிதத்திலுமாக வந்த புகார்கள் 1,959. ரயில் இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்து சொன்னவர்கள் உண்டு. 1855 ஏப்ரலில் வந்த அறிக்கை, சித்திரவதை நடப்பது உண்மை என்றது. வெள்ளைக்கார அதிகாரிகளைக் குற்றம் சொல்லாமல் பழியைக் கீழ்மட்டச் சிப்பந்திகள் தலையில் போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே இருப்பவர் தப்பும் கலைக்கு வயது அதிகம். இந்த அறிக்கையை வைத்து 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் எழுதியவர் கார்ல் மார்க்ஸ்.

அறிக்கையின் பலன், போலீசை வருவாயிலிருந்து பிரித்தது. 1859இன் 24ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறையையும் அதற்கு ஒரு தலைவரையும் தந்தது. வில்லியம் ராபின்சன் முதல் தலைவர். முதலில் கமிஷனர் என்றார்கள், பிறகு இன்ஸ்பெக்டர் ஜெனரல், அதாவது ஐ.ஜி. இந்தியா முழுமைக்கும் வந்த 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்துக்கு இதுவே முன்னோடிகளில் ஒன்று.

ஆனால் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. புதிய தலைவர் அரசின் மேற்பார்வையில் இருப்பார், அவ்வளவுதான். அப்போது இங்கே வாக்குப் போட்டு அமைத்த சபை எதுவும் கிடையாது. பதில் சொல்லவேண்டிய இடம் மேலே மட்டுமே இருந்தது. சபை வந்த பிறகும் பாதை மாறவில்லை.

மாறாததன் விலையை இதே மாவட்டம் கொடுத்தது. 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. அன்றைய அரசு மறுத்தது. கேள்வியை எடுத்துக்கொண்டு நடந்தவர்களில் ஒருவர் அ. நல்லசிவன், மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர், மாநிலங்களவை உறுப்பினர். எம்.பி.யாக இருந்தவரே மனுதாரராக நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. 1995இல் சி.பி.ஐ. விசாரணை. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 84 பேர் போலீசார். சரியாக 12 ஆண்டு கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கவேண்டும் என்ற உத்தரவும் அந்தத் தீர்ப்பில்தான். மாவட்டப் போலீஸ் தலைமை பக்கம் கை நீள்வதற்கு 31 ஆண்டு ஆயிற்று. 1992இலேயே எஸ்.பி.யையும் டி.ஜி.பி.யையும் ஒரு சட்டமன்றக் குழு கூப்பிட்டிருந்தால் நீதி கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மறுப்பதாவது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.

சட்டமன்றம், நாடாளுமன்றம் எதற்கும் போலீசைக் கூப்பிட அதிகாரமே இல்லையா என்றால், இருக்கிறது. உறுப்பினர் தன்மேல் அடி விழுந்தால் கூப்பிடுவார். உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் 2004இல் ஒரு எம்.எல்.ஏ.வை அடித்ததற்காக ஆறு போலீஸ்காரர்களை 2023 மார்ச்சில் கூண்டில் நிறுத்தி, ஒருநாள் சிறை விதித்தது. 2024 பிப்ரவரியில் மக்களவை உரிமைக் குழு, ஒரு எம்.பி.யின் புகாரில் மேற்கு வங்க டி.ஜி.பி.யை அழைத்தது, உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உரிமை மீறல் என்பது உறுப்பினருக்கான மருந்து. குடிமகனுக்கு அந்தக் கடையில் ஒன்றும் கிடையாது.

வெளியே பாருங்கள். செல்பேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 2011 ஜூலையில் லண்டன் போலீஸ் கமிஷனர் பால் ஸ்டீபன்சன் பதவி விலகிய கையோடு உள்துறைக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொன்னார். இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் போலீஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர நாடாளுமன்றத் தெரிவுக்குழுவில் சாட்சியம் சொன்னார். 2025 ஆகஸ்டில் இன்னொரு மா அதிபரான தேசபந்து தென்னகோனை, விசாரணைக் குழு அறிக்கைக்குப் பின் 177 வாக்குகளால் நாடாளுமன்றமே பதவி நீக்கியது.

இங்கே 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொன்னது, சுதந்திரமான புகார் ஆணையமும் கேட்டது. 2013இல் தமிழ்நாடு செய்த சட்டத்தில் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். போலீஸ் மேல் புகாரா, போலீசிடமே போ என்பதற்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம்.

கேரளச் சட்டமன்றம் 1980லேயே துறைவாரிக் குழுக்களை அமைத்துக்கொண்டது. நம்முடையதில் பொதுக்கணக்கு, மதிப்பீடு, உறுதிமொழி, மனுக்கள் என்று குழுக்கள் உண்டு, காவல்துறைக்கென்று ஒன்று இல்லை. அதை அமைக்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, சபை தன் விதிகளைத் தானே திருத்தலாம். அடுத்த முறை பொம்மிடியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: டி.ஜி.பி.யைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் குழு ஒன்றுக்கு நீங்கள் கைதூக்குவீர்களா?