பூடில் நாயும் வெற்றெழுத்தும்

இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை மனிதன் எப்படி வருவிக்கிறான்? மனதுக்குள் தருக்க விதிகள் இருக்கின்றன, கூற்றின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அவை இயங்குகின்றன என்றார் லான்ஸ் ரிப்ஸ். கூற்று சொல்லும் நிலைமையை மனதில் அமைத்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறோம் என்று 1983இல் 'மென்டல் மாடல்ஸ்' நூலில் வாதிட்டார் பிலிப் ஜான்சன்-லேர்ட். சோதனைகளில் வந்த பிழைக் கணக்கையும் விடைக்கு எடுத்த நொடிக் கணக்கையும் இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகவே படித்தன. விதி என்றால் மொழிக்குரிய இடப்பக்க மூளை, அமைப்பு என்றால் இடவுணர்வுக்குரிய வலப்பக்கமும் உச்சிப் பகுதியும் இயங்க வேண்டும். இந்த எதிர்பார்ப்போடுதான் 1990களில் மூளைப் படம் இந்த வழக்குக்குள் வந்தது.

அது தீர்ப்புச் சொல்லவில்லை, வழக்கையே மாற்றியது. வினோத் கோயல் குழுவின் தொடக்க பெட் ஸ்கேன்களில் இடப்பக்கமே தெரிந்தது. 2000இல் கோயலும் சகாக்களும் எஃப்எம்ஆர்ஐயில் ஒரே தருக்க வடிவத்தை இரண்டு உடையில் காட்டினார்கள். நாய்கள் எல்லாம் செல்லப்பிராணிகள், பூடில்கள் எல்லாம் நாய்கள், ஆகவே பூடில்கள் எல்லாம் செல்லப்பிராணிகள் என்பது ஒன்று. அதே கணக்கு வெற்றெழுத்துகளில் இன்னொன்று. பூடிலுக்கு இடது பொட்டுப் பக்கமும், எழுத்துக்கு உச்சிப் பகுதியும் கூடுதலாக இயங்கின. முடிவை வருவிப்பது ஒரே பொறி என்று இரு தரப்பும் சேர்ந்தே நம்பியிருந்தன; ஆட்டம் கண்டது அந்த நம்பிக்கைதான். 2003இல் கோயலும் ரே டோலனும் இன்னும் நெருங்கினார்கள். பூக்கள் எல்லாம் வாடும், ரோஜாக்கள் வாடும், ஆகவே ரோஜாக்கள் பூக்கள் என்றால் தலையாட்டிவிடுவோம். முடிவு உண்மை, ஆனால் அது அந்த வழியில் வரவில்லை. இத்தகைய இடங்களில் நம்பிக்கையை அடக்கிச் சரியாக விடை சொன்னபோது வலது முன்மூளையின் பக்கப்பகுதியும், நம்பிக்கைக்கு இழுபட்டுத் தவறியபோது முன்மூளையின் நடு அடிப்பகுதியும் இயங்கின.

ஒரு பகுதி பல வேலைகளைச் செய்யும். அது இயங்கியதை வைத்து இன்ன சிந்தனை நடந்தது என்று சொல்லிவிட முடியாது என 2006இல் ரஸ்ஸல் போல்ட்ராக் எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கை. உச்சிப் பகுதி இயங்கியதாலேயே ஜான்சன்-லேர்ட் வென்றார் என்பவர்களை அது வீழ்த்துகிறது. கோயலின் ஒப்பீட்டை அது தொடுவதில்லை. வடிவம் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும்போது இயங்கும் இடமும் மாறுகிறது என்பதுதான் அங்கே சான்று. அந்த இடத்தின் வேலை என்ன என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அர்த்தமுள்ள சொல்லைப் படிப்பதுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. உள்ளடக்கம் மாறினாலும் மாறாத மையப் பகுதிகள் உண்டு என 2007இல் மார்ட்டின் மோன்டி குழுவும் காட்டியது. ஆனால் 28 ஆய்வுகளைத் திரட்டிய 2011ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில், உயரம், வரிசை போன்ற உறவுக் கணக்குகளுக்கு உச்சிப் பகுதியும், பூடில் போன்ற வகைக் கணக்குகளுக்கு இடது முன்மூளையின் கீழ்ப்பகுதியும் தனித்தனியே தெரிந்தன.