பெர்முடா புல்லும் பூதலூர் வரப்பும்

இந்த எபிசோடு ஒரு குடும்பச் சண்டையில ஆரம்பிக்குது.

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவுல, பூதலூர்ல எங்க அத்தை வீடு. கொல்லையில பழைய நெல் களம் ஒண்ணு சும்மா கிடந்தது. அத்தான் அதுல பாதிக்குக் கடப்பைக்கல் பாவி நாற்காலி போட்டார். மீதிப் பாதியில புல்தரை. ரெண்டுக்கும் நடுவுல நேர்கோடு மாதிரி தெரியணும்னு அரையடி உயரத்துக்கு சிமெண்ட் கட்டை. போட்டோவுல பார்த்தா பிரமாதம்.

புரட்டாசிக் கடைசியில ஒரே ராத்திரி மழை. கல்தரையில விழுந்த தண்ணி கட்டையைத் தாண்ட முடியாம பின்கட்டுக்குள்ள ஏறிடுச்சு. தாளடிக்குன்னு அத்தை எடுத்து வச்சிருந்த விதைநெல் மூட்டை நனைஞ்சு போச்சு. அத்தை திட்டவே இல்ல. "வரப்பு போட்டியே, மடை எங்கடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள்ள இழுத்துச்சு.

முதல்ல புல்லு. அத்தான் சதுர அடிக்குக் காசு கொடுத்து வாங்கினது பெர்முடா கிராஸ். அட்லாண்டிக்ல இருக்கிற தீவோட பேரு, ஆனா அந்தப் புல்லோட பூர்வீகம் அந்தத் தீவே இல்ல. அறிவியல் பேரு சைனோடான் டாக்டிலான். நம்ம பேரு? அருகம்புல்! காலங்காலமா டெல்டா விவசாயி வயல்லேர்ந்து பிடுங்கி எறிஞ்ச அதே புல்.

இது மண்ணுக்கு மேலயும் கொடி விடும், கீழயும் விடும். வரப்புல இருந்தா மண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், நல்லது. வயலுக்குள்ள இறங்கினா பயிருக்கு எமன். அதனாலதான் நடவுக்கு முன்னாடி அண்டை வெட்டுவாங்க. மண்வெட்டியால வரப்போட பக்கவாட்டை வேரோட சீவி, வயல் சேத்தையே அள்ளி வச்சு, மண்வெட்டி முதுகால மெழுகி விடுவாங்க. புல்லும் நிக்கும், நண்டு வளை, எலி வளையும் அடைபடும். வெயில்ல அது பளபளன்னு நிக்கிற அழகு இருக்கே, எந்த கார்டன் கேட்டலாக்லயும் நான் பார்த்ததில்ல. தண்ணி போக வேண்டிய இடத்துல மட்டும் மடை. அதாவது டெல்டாவுல ஓரம்னா அது அடைக்கவும் செய்யும், திறக்கவும் செய்யும்.

புல்தரைங்கிற ஆசை வேற ஊர்ச் சரக்கு. இங்கிலாந்துல பெரிய மாளிகைகளைச் சுத்தி அரிவாளாலயும் ஆடு மேய்ச்சும் புல்லைக் குட்டையா வச்சிருந்தாங்க. 1830ல எட்வின் பட்டிங் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எந்திரத்தால சுவரை ஒட்டி வெட்ட முடியாது. அதனால புல்லுக்குச் சமமட்டத்துல கல் பதிச்சு, சக்கரம் அதுமேல ஓடுற மாதிரி ஓரம் கட்டுற முறையும் வந்துச்சு. உயரமான கட்டை வச்சா எந்திரத்துக்கும் தொந்தரவுதான், பாருங்க.

அந்த ரசனை இங்கேயும் வந்தது. 1899லேர்ந்து 1905 வரை வைஸ்ராயா இருந்த கர்சன் காலத்துல, மரமும் பூவுமா இருந்திருந்த தாஜ்மகால் தோட்டம் ஆங்கிலேயப் புல்வெளி பாணிக்கு மாறிச்சு. இன்னிக்கு நம்ம பெரிய கோயிலுக்குள்ளயும் புல்தரை உண்டு. 1010ல ராஜராஜன் கட்டி முடிச்ச கோயில்ல புல்தரை சோழர் கால வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சுமார் 240க்கு 120 மீட்டர் திருச்சுற்று அது. அடுத்த தடவை போனா கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறதோட, பாவின தரையும் புல்லும் சேர்ற இடத்தையும் ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க.

பூதலூர்ல என்னாச்சு? கட்டையை இடிச்சோம். செங்கல்லை நெட்டுக்குத்தா, கல்தரை மட்டத்துக்கே பதிச்சோம். கல்தரைக்குப் புல் பக்கமா பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். புல்தரை மண் அரை அங்குலம் தாழ. மழை பெஞ்சா தண்ணி செங்கல் மேலயே வழிஞ்சு புல்லுக்குப் போயிடும்.

ஆனா தண்ணியை விட்டா கொடியும் வரும். அது செங்கல் இடுக்குல தலை நீட்டுது. இப்போ மாசம் ஒருதடவை அத்தான் மண்வெட்டியோட ஓரம் சீவுறார். அத்தை பின்கட்டுப் படியில உக்காந்து, "வேரோட எடுடா, மேலாக்க வழிக்காத"ங்கிறாங்க. சீவின அருகம்புல் தெருக்கோடிப் பிள்ளையாருக்குப் போகுது.