ஆற்றுப் பத்திரமும் அலுவலக மாடியும்

ஒரு நகரின் செழிப்பை அளக்க அதன் மாளிகைகளின் உயரத்தைப் பார்ப்போர் பலர். அம்மாளிகைகளுள் எத்தனை அறைகளில் விளக்கு எரிகின்றது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றை இவ்விரண்டாம் கண்கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

ஜொகூரின் ஆட்சி குத்தகையால் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெமெங்கோங் இப்ராகிம், காடடர்ந்த ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குரிய உரிமை ஆவணம் 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுப் பத்திரம் எனப்பட்டது. அதனைப் பெற்ற தலைவன் 'கங்சு' எனப்பட்டான். மிளகும் கம்பீரும் விளைந்தன. அரசுக்கு வருவாய் பெருகிற்று. 1855-இல் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் அமைந்த ஊர், 1866-இல் அபு பாக்கார் காலத்தில் ஜொகூர் பாரு ஆயிற்று. கங்சு முறையோ 1917-இல் ஒழிக்கப்பட்டது.

மலாய் மக்களின் பழைய நில வழக்கில் ஓர் அரிய பாகுபாடு உண்டு. உழுது பயிரிடப்படும் நிலம் 'தானா ஹிடுப்', அதாவது உயிருள்ள நிலம். கைவிடப்பட்டுக் காடாகிய நிலம் 'தானா மாத்தி', அதாவது இறந்த நிலம். உழைப்பு நின்றுவிடின் உரிமையும் நிலைப்பதில்லை என்பதே அதன் உட்பொருள். இவ்வளவுகோலை இன்றைய அலுவலக மாடிகளுக்கும் பொருத்திப் பார்த்தல் தகும்.

புக்கிட் திம்பாலான் குன்றின்மீது 1930-களின் பிற்பகுதியில் சுல்தான் இப்ராகிம் கட்டடம் எழுந்தது. பல்லாண்டுகள் மாநிலச் செயலகம் அங்கேயே இயங்கியது. பின்னர் 2006-இல் இஸ்கண்டார் மலேசியா என்னும் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் பரப்பு 2,217 சதுர கிலோமீட்டர். அஃதாவது சிங்கப்பூரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. 2009-இல் செயலகம் மேற்கே கோத்தா இஸ்கண்டாருக்குப் பெயர்ந்தது. செம்பனை விளைந்த நிலத்தில் புதிய நிருவாக நகரம் எழுந்தது. பழைய குன்றோ தன் அன்றாட ஆரவாரத்தை இழந்தது. அலுவலகம் பெயர்ந்தால் அதனைச் சூழ்ந்த உணவுக்கடையும் அச்சகமும் தளர்வது இயல்பே அன்றோ?

அலுவலக மாடிகள் வெறுமையாவதற்கு வேறு காரணங்களும் உள. நெல் மூன்று திங்களில் விளையும். மாடமாளிகை எழவோ சில ஆண்டுகள் வேண்டும். பொருளாதாரம் ஓங்கிய காலத்தில் கால்கோளிட்ட கட்டடம், அது தளர்ந்த காலத்தில் முடிவுறுவதுண்டு. 1997-இல் ஆசியாவைத் தாக்கிய நிதி நெருக்கடி அதனை உணர்த்திற்று. மேலும், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் இருக்கின்றது. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட இணைப்புப் பாலத்தின் வழியே நாள்தோறும் பல்லாயிரவர் வேலைக்குச் செல்கின்றனர். குடிக்கூலி இங்கே குறைவு. ஊதியமோ அங்கே மிகுதி. ஆகவே, இங்குள்ள அறை மலிவாயினும் அதில் அமரவேண்டிய ஆள் அக்கரையில் அமர்கின்றான்.

2025-ஆம் ஆண்டு சனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனால் நிறுவனங்கள் இக்கரைக்கு வரும் என்ற நம்பிக்கை பிறந்துள்ளது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. இன்று பெருகிவரும் தரவு மையங்கள் நிலத்தையும் மின்சாரத்தையும் நீரையும் மிகுதியாக வேண்டுவன. ஆட்களையோ ஒப்புநோக்கக் குறைவாகவே வேண்டுவன. கட்டடம் நிறைவது வேறு. மக்களுக்குத் தொழில் நிறைவது வேறு.

இஃது நமக்கு அயலார் செய்தியன்று. தோட்டத்துப் பால்வாளியைச் சுமந்த பெற்றோர், தம் மக்கள் நிழலில் அமர்ந்து பணிசெய்ய வேண்டுமென்றே அவர்களைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர். அம்மக்களுக்குரிய நாற்காலி சொந்த ஊரில் இருக்குமா, அன்றி விடியுமுன் பாலம் கடக்க வேண்டுமா என்பதே அவ்வெற்று மாடிகள் எழுப்பும் வினா. ஆசிரியர்கள் மாணவரை ஒருநாள் நகர வீதிக்கு அழைத்துச் சென்று, 'வாடகைக்கு' என்று தொங்கும் பலகைகளை எண்ணச் செய்வாராக. பாடநூலில் இல்லாத ஒரு வரலாற்றுப் பாடம் அங்கே எழுதப்பட்டிருக்கின்றது. உழைப்புக் குடிபுகுந்த இடமே உயிருள்ள நிலம்.