நரம்பு வேர் வெட்டு: தசை விறைப்புச் சிகிச்சையின் வரலாறு

பிறப்பின்போதோ அதற்கு முன்போ மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலருக்குக் கை கால் தசைகள் இறுகிவிடுகின்றன. நடக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிடும். குதிகால் தரையில் பதியாது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861இல் இந்நிலையைக் கடினமான பிரசவத்தோடு தொடர்புபடுத்திப் பேசினார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே வழங்கியது. லிட்டிலின் பாதமும் சிறுவயதில் வளைந்துபோனதுதான். 1836இல் ஜெர்மனி சென்று, ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவரிடம் குதிகால் தசைநாணை வெட்டிச் சரிசெய்துகொண்டார். அம்முறையை இங்கிலாந்திலும் பரப்பினார். ஆனால் தசைநாணை வெட்டுவது கோணலைத் திருத்துமே தவிர, விறைப்பின் ஊற்றைத் தொடாது.

அந்த ஊற்றுக்கு வழிகாட்டியவர் சார்லஸ் ஷெரிங்டன். பூனையின் மூளைத்தண்டைத் துண்டித்ததும் அதன் கால்கள் விறைத்தன. தண்டுவடத்தின் பின்புற நரம்பு வேர்களை வெட்டியதும் விறைப்புத் தளர்ந்தது. இதை அவர் 1898இல் வெளியிட்டார். தசை நீளும்போது அச்செய்தி பின்வேர் வழியே தண்டுவடத்துக்குப் போகிறது. 'சுருங்கு' என்ற ஆணை முன்வேர் வழியே திரும்புகிறது. இந்தச் சுற்றை அடக்கி வைப்பது மூளை. மூளை பாதிக்கப்பட்டால் கடிவாளம் கழன்றுவிடும்.

பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் 1908இல் இதை மனிதரிடம் செய்தார். பிற்காலத்தில் லெனினுக்குச் சிகிச்சை அளித்தவரும் இவரே. விறைப்புக் குறைந்தது, ஆனால் வேர்களை முழுதாக வெட்டியதால் தொடு உணர்வும் பாதிக்கப்பட்டது. இம்முறை பல பத்தாண்டுகள் பின்தங்கிக் கிடந்தது.

1970களில் இத்தாலியின் தூரின் நகரில் ஃபசானோ ஒவ்வொரு வேரையும் சிறு இழைகளாகப் பிரித்து, மின்தூண்டலுக்கு மிகையாகத் துடித்த இழைகளை மட்டும் வெட்டினார். எனினும் அவர் வெட்டிய இடம் தண்டுவடத்தின் நுனிப்பகுதி. சிறுநீர்க் கட்டுப்பாட்டு நரம்புகள் நெருங்கிக் கிடக்கும் இடம். கேப்டவுனின் வார்விக் பீகாக் 1980களில் அதற்குக் கீழே, வேர்கள் தனித்தனியே தெரியும் 'குதிரைவால்' பகுதிக்கு அறுவையை மாற்றினார். இந்த இடமாற்றமே சிகிச்சைக்கு மறுவாழ்வு தந்தது எனலாம். அவர் அமெரிக்கா சென்றபின் அங்கும் இது பரவியது.

இதற்கிடையே, வலிப்பு நோய்க்கென 1962இல் உருவாக்கப்பட்ட பாக்லோஃபென் அதற்கு அவ்வளவாக உதவாமல், விறைப்புக்கு மருந்தானது. வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கும் சிறு பம்ப் இம்மருந்தைத் தண்டுவடத் திரவத்துக்குள் செலுத்தும். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். வெட்டிய வேரிழையை ஒட்டவைக்க முடியாது. விறைப்பையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கும் குழந்தைகளும் உண்டு. விறைப்பு நீங்கினால் அடியிலிருந்த பலவீனம் வெளிப்படும். அதனால்தான் அறுவைக்கு முன் தசைவலிமையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பின்னர் பல மாத இயன்முறைப் பயிற்சி தொடர்கிறது.