கன்றுக்கு கொம்பு சுடுறீங்களா? காயடிக்கிறீங்களா? வலியைக் குறைக்க இதைத் தெரிஞ்சுக்கோங்க!

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் ஆடு, மாடு இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது கஷ்டம். கன்றுக்கு கொம்பு சுடுவதும், காளங்கன்றுக்கும் கிடாக்குட்டிக்கும் காயடிப்பதும் இங்கே வழக்கமான வேலைகள். "அஞ்சு நிமிஷ வேலைதான், கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் சரியாயிடும்" என்பார்கள். வேலை அஞ்சு நிமிஷத்தில் முடியும். ஆனால் வலி அதோடு முடிவதில்லை.

எதற்காகச் செய்கிறார்கள்?

காங்கயம் மாட்டுக்கு கொம்புதான் அழகு என்பதால் பொதுவாக அதைச் சுடுவதில்லை. நெருக்கமாகக் கட்டி வளர்க்கும் கலப்பினப் பசுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்கவே கன்றாக இருக்கும்போது கொம்புக் குருத்தைச் சுடுகிறார்கள். உழவுக்கும் வண்டிக்கும் பழக்கும் காளைகள் அடங்கி நடக்கவும், கிடாக்கள் நன்றாக எடை ஏறவும் காயடிக்கிறார்கள். 'பர்டிசோ' கிடுக்கியால் நசுக்கும் முறையில் ரத்தம் வராது. அதனால் வலியும் இல்லை என்று நினைப்பது தவறு.

ஏன் ரெண்டு மருந்து?

முதலாவது, மரத்துப்போக வைக்கும் ஊசி. பெரும்பாலும் லிக்னோகெயின். கொம்பு சுடும்போது கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவில் ஓடும் நரம்பின் அருகே போடுவார்கள். காயடிக்கும்போது விதைக்கு மேலே உள்ள தண்டில் போடுவார்கள். மருந்து பிடிக்க சில நிமிடங்கள் ஆகும். ஊசி போட்டவுடனே வேலையைத் தொடங்கினால் பயனில்லை.

இந்த ஊசியின் வேலை ஒன்றிரண்டு மணி நேரம்தான். அது தெளிந்ததும் சுட்ட இடம் வலிக்க ஆரம்பிக்கும். அதற்காகத்தான் மெலாக்சிகாம் போன்ற வலி குறைக்கும் மருந்து. மாடுகளின் உடலில் இது ஒரு நாளுக்கு மேலும் தங்கி வேலை செய்யும். முதல் ஊசி செய்யும்போது வரும் வலிக்கு, ரெண்டாவது பிறகு வரும் வலிக்கு. ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் பாதி வேலைதான்.

கன்று அசையாமல் இருக்க சைலசின் மயக்க ஊசி போடுவதும் உண்டு. அது மட்டும் வலியைப் போக்கப் போதாது.

ஆட்டுக்குட்டிக்கு கூடுதல் கவனம்

லிக்னோகெயின் அளவு கூடினால் குட்டிக்கு வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சைலசினும் ஆடுகளுக்கு சுலபமாகத் தூக்கிவிடும். எனவே எடை பார்த்துத்தான் மருந்து. குட்டிகளின் மண்டை ஓடு மெல்லியது. சூட்டுக்கோலை அதிக நேரம் வைத்தால் மூளை பாதிக்கும்.

எந்த வலி மருந்து கூடாது?

டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டது. இந்த மருந்து போட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023-ல் தடைக்கு உள்ளாகின. நம் பக்கத்து மாயாறு பள்ளத்தாக்கு தமிழகத்தில் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கும் முக்கிய இடம். மெலாக்சிகாம் அவற்றுக்கு ஆபத்தில்லாதது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கொம்பு நீக்கம், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றை 'விதிக்கப்பட்ட முறையில்' செய்ய அனுமதிக்கிறது. அந்த முறை எது என்பதை மத்திய அரசு 2023-ல் விதிகளாக வெளியிட்டது. பதிவுபெற்ற கால்நடை மருத்துவரும், வலி தெரியாமலிருக்க மருந்தும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• தள்ளிப்போடாதீர்கள். கன்றுக்கு சுமார் ரெண்டு மாதத்துக்குள் கொம்புக் குருத்து மண்டை ஓட்டோடு ஒட்டாமல் இருக்கும், காயமும் சிறிதாக இருக்கும்.

• மருத்துவர் வந்ததும் "மரத்துப்போற ஊசியும், வலி ஊசியும் ரெண்டும் போடுங்க" என்று கேளுங்கள்.

• ரணஜன்னி தடுப்பு பற்றியும் கேளுங்கள். ரப்பர் வளையம் போட்டால் அந்த ஆபத்து அதிகம்.

• அடிக்கடி காதை ஆட்டுவது, தலையை உதறுவது, பால் குடிக்காமல் ஒதுங்கி நிற்பது, காலை அகட்டி நடப்பது எல்லாம் வலியின் அறிகுறிகள். அடுத்த நாளும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• மனிதர்களுக்கான வலி ஊசியை வாங்கி நீங்களே போடாதீர்கள்.

• உதவிக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு கட்டணமில்லா எண் 1962.